சம்பந்தி வீட்டில் கையால் சாப்பிடலாமா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிசிலித் தீவின் சாப்பாடு பற்றி இரண்டு வரி எழுதப்போய், இந்த முறை தபாற்பெட்டி நிறைந்துவிட்டது. வன்னியிலும் எத்தனையோ வீடுகளுக்குச் சிசிலியின் தலைநகர் பலேர்மோவில் ஒரு மாமாவோ மச்சானோ இருக்கிறார், அதனால் ஆச்சரியமில்லை. நான் அந்த ஊர்ச் சமையலறைகளில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு மீன் வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு வந்து சேர்ந்தவன். வடக்கு இத்தாலியைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். வெண்ணெயும் இறைச்சியுமாக அது வேறு சமையல், எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. சிசிலி என்றால் கேளுங்கள்.

என் மகன் பலேர்மோவில் இருக்கிறான். அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றை விரும்பி, கலியாணமும் முடிவாகிவிட்டது. நானும் இவரும் அடுத்த மாதம் போகிறோம். போய் இறங்கிய முதல் ஞாயிறே பெண் வீட்டில் மத்தியானச் சாப்பாடாம். கையால் சாப்பிடலாமா? என்ன கொண்டுபோக வேண்டும்? மகனைக் கேட்டால் "சும்மா வாங்கோ அம்மா" என்கிறான். — ஒரு தாய், மல்லாவி

மகன்மார் அப்படித்தான் சொல்வார்கள், நீங்கள் கேட்டது நல்லது. அம்மா, முதல் விஷயம், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கே ஞாயிற்றுச் சாப்பாடு ஒரு மணிக்குத் தொடங்கினால் நாலு மணிக்கும் மேசையை விட்டு எழும்ப மாட்டார்கள். நம் வீட்டில் சோறும் கறிகளும் எல்லாமே ஒரே நேரத்தில் மேசைக்கு வந்துவிடும், நாம் ஒரே கோப்பையில் போட்டுக் குழைத்துச் சாப்பிடுவோம். அங்கே ஒன்று முடிந்து கோப்பையை எடுத்த பிறகுதான் அடுத்தது வரும். முதலில் ஒலிவ் காய், சீஸ், பொரித்த கத்தரிக்காய் என்று சில்லறைச் சாமான். பிறகு பாஸ்தா. அதற்குப் பிறகுதான் இறைச்சி அல்லது மீன், பக்கத்தில் சலாட். அப்புறம் பழம், இனிப்பு, கடைசியில் கோப்பி. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பாஸ்தாவில்தான். இதுதான் சாப்பாடு என்று நினைத்து இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு தட்டு நிறைய மீன் வரும்போது முழிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அனேகமாக அனெல்லெத்தி வைப்பார்கள். மோதிரம் போலச் சின்னச் சின்ன வளையமான பாஸ்தா, அதை இறைச்சிக் குழம்பு, பட்டாணி, சீஸ் எல்லாம் சேர்த்துத் தட்டில் அடுக்கி அவணில் சுடுவது. மேற்பக்கம் முறுகலாக இருக்கும், ஓரத்துத் துண்டுக்குப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். நல்ல சாப்பாடு, ஆனால் கல்லுப் போல வயிற்றில் நிற்கும். ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

கை விஷயம். பாண், பீட்சா, சோற்று உருண்டைப் பொரியலான அரஞ்சினா, ஓட்டோடு வரும் இறால், இவற்றைக் கையால் சாப்பிடலாம், அவர்களும் அப்படித்தான். பாஸ்தாவை மட்டும் முள்ளுக்கரண்டியால்தான். கத்தியால் வெட்டக்கூடாது, கரண்டியில் வைத்துச் சுற்றுவதையும் பெரியவர்கள் சின்னப்பிள்ளைத்தனம் என்பார்கள். நாலைந்து இழையை முள்ளில் பிடித்து, கோப்பையின் ஓரத்தில் வைத்துச் சுற்றுங்கள். அதிகம் எடுத்தால் உருண்டை வாய்க்குள் போகாது. போவதற்கு முதல் வீட்டில் நூடில்ஸ் அவித்துப் பழகிப் பாருங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எல்லோருக்கும் பரிமாறி, வீட்டுக்காரி உட்கார்ந்து, "புவொன் அப்பெத்தீத்தோ", அதாவது நன்றாகச் சாப்பிடுங்கள், என்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். பாணுக்குத் தனிக் கோப்பை பெரும்பாலும் வராது, மேசை விரிப்பின்மேலேயே வைப்பார்கள், பயப்படாதீர்கள். பாணைக் கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள், தலைகீழாக மட்டும் வைக்காதீர்கள். அது துர்ச்சகுனம் என்று கிழவிகள் வந்து திருப்பி வைப்பார்கள். எண்ணெயோ உப்போ சிந்தினாலும் அதே கதைதான். கோப்பையில் மிஞ்சிய குழம்பைப் பாண் துண்டால் வழித்துச் சாப்பிடுவது வீட்டில் நடக்கும், சமைத்தவருக்கு அது சந்தோஷமும்கூட. பெரிய உணவகத்தில் செய்யாதீர்கள். ஏப்பம் விடுவது, உறிஞ்சுவது, இரண்டும் வேண்டாம். இவருக்கும் சொல்லி வையுங்கள்.

வைன் ஊற்ற வந்தால் கண்ணாடிக் குவளையின் வாயைக் கையால் மூடினால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சாப்பாட்டுக்குத்தான் வற்புறுத்தல், அதில் அந்த ஊர்த் தாய்மாரும் நம் ஊர்த் தாய்மாரும் ஒரே சாதி. முதல் முறை மறுத்தால் கூச்சம் என்று நினைப்பார்கள், இரண்டாம் முறை மறுத்தால் சமையல் பிடிக்கவில்லையோ என்று முகம் மாறும். கொஞ்சமாக எடுத்து, பிடித்தது என்று சொல்லி, அதன் பிறகு "பஸ்தா கொஸீ, கிராட்சியே", அதாவது இவ்வளவு போதும், நன்றி, என்றால் விட்டுவிடுவார்கள்.

கொண்டுபோக, காலையில் இனிப்புக் கடையில் ஒரு தட்டுக் கலவை இனிப்பு வாங்குங்கள். கடதாசி சுற்றி ரிபன் கட்டித் தருவார்கள். ஞாயிறு மத்தியானம் பலேர்மோத் தெருவில் அந்தப் பொதியை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் எங்கோ விருந்துக்குப் போகிறவர்கள்தான். பூ கொடுப்பதானால் செவ்வந்தி கூடவே கூடாது. நமக்கு அது கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் வைக்கும் பூ, அவர்களுக்குச் சவக்காலைப் பூ. நவம்பர் 2, இறந்தவர்களின் நாளில் கல்லறைகளில் குவிப்பது அதைத்தான்.

மண்ணீரல் போட்ட பாண் விற்கிறார்களாமே, உண்மையா? நாங்கள் மாடு சாப்பிடாத ஆட்கள். வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்? — முள்ளியவளையிலிருந்து ஒருவர்

உண்மை. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்து, மெல்லியதாக வெட்டி, பன்றிக் கொழுப்பில் வதக்கி, வட்டப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். எலுமிச்சை மட்டும் பிழிந்து ஒரு விதம், சீஸ் போட்டு ஒரு விதம். மாடும் பன்றியும் ஒரே பாணுக்குள் இருப்பதால் உங்களுக்கு இரட்டைப் பிரச்சினை. தெருவில் புகை கிளம்பும் இடத்தில் இன்னொன்று பார்ப்பீர்கள், ஆட்டுக் குடலை வெங்காயத்தாளில் சுற்றித் தணலில் சுடுவது. குடல் கறி சாப்பிடுகிறவர்கள் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம், கருகின மணத்தோடு நன்றாக இருக்கும், ஆனால் ஆட்டுக் குடலா கன்றுக் குடலா என்று ஒருமுறை கேளுங்கள்.

உண்மையில் ஆட்கள் ஏமாறுவது அரஞ்சினாவில். வெளியே பார்த்தால் பொன்னிறமான சோற்று உருண்டை, உள்ளே பெரும்பாலும் அரைத்த மாட்டிறைச்சி, சிலவேளை பன்றியும் கலந்திருக்கும். "வெண்ணெய் அரஞ்சினா" என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு மரக்கறி என்று நம்பி வாங்கிய நம்மவர் பலர், அதற்குள் சீஸோடு பன்றித் தொடை இறைச்சித் துண்டும் இருக்கும். கீரை போட்டது, கத்தரிக்காய் போட்டது என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமையும் கந்தசட்டியும் தவறாமல் மரக்கறி. மூன்று மாதம் மகளோடு நிற்கப் போகிறேன். பாணும் பழமுமா கதி? — துணுக்காய்

இல்லை, சிசிலி மரக்கறிக்காரருக்கு நல்ல தீவு. கத்தரிக்காயைப் பொரித்து, செலரி, ஒலிவ், தக்காளியோடு வினாகிரியும் சீனியும் போட்டுப் பிரட்டும் கப்பொனாத்தா உண்டு. ஆறிய பிறகு சாப்பிடுவது, அடுத்த நாள் இன்னும் ருசி. பொரித்த கத்தரிக்காயும் தக்காளியும் போட்ட பாஸ்தா கத்தானியாப் பக்கத்தில் பேர் போனது. எல்லாவற்றையும்விட நான் சொல்வது பனெல்லே. கடலை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்புப் போட்டு, கை ஓயாமல் கிண்டி, சட்டியை விட்டு விலகி வரும்போது பார்சிலி இலை தூவி, சுடச்சுட மெல்லியதாகப் பரப்பிவிடுவார்கள். ஆறி இறுகியதும் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, எள்ளுப் பாணுக்குள் நாலைந்து அடுக்கி எலுமிச்சை பிழிந்து தருவார்கள். பலேர்மோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மத்தியானப் பசிக்கு அதுதான். எங்கள் வெதுப்பகங்கள் ஏன் இதைச் செய்து விற்பதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாவும் இங்கே உண்டு, பாணும் உண்டு, பசியோடு பிள்ளைகளும் உண்டு.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஸ்பின்சோனே என்ற தடித்த வெங்காயப் பீட்சாவில் நெத்தலி கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பார்மிஜானோ சீஸுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்க்கிறார்கள். கடும் சைவம் என்றால் அதையும் விட வேண்டியதுதான்.

அத்தான் குடும்பத்தோடு அங்கே ஒரு கடையில் சாப்பிட்டபோது கேட்காத பாணுக்கும் காசு, உட்கார்ந்ததற்கும் காசு எடுத்தார்களாம். நம்மைப் பார்த்து ஏமாற்றினார்களா? — ஒரு தம்பி, கிளிநொச்சி

ஏமாற்று இல்லை, தம்பி. கொபெர்த்தோ என்று ஆளுக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள், பெரும்பாலும் 1 யூரோ முதல் 3 யூரோ வரை. மேசை விரிப்பு, பாண் எல்லாம் அதில் அடக்கம். இத்தாலியருக்கும் அதே கணக்குத்தான். ஆனால் மெனுவில் எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் எடுத்தால் கேள்வி கேட்கலாம். தண்ணீரும் போத்தலாகத்தான் வரும், அதற்கும் காசு. அதற்குமேல் டிப்ஸ் வைக்கக் கட்டாயமில்லை. கோப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, கதிரையில் இருந்தால் பல இடங்களில் கூடுதல் விலை. அதனால்தான் அந்த ஊர்க்காரர் வந்து, நின்று, இரண்டு மடக்கில் முடித்துவிட்டுப் போகிறார்கள்.

பாஸ்தா என்றால் தக்காளிதானே? மீன் போட்டு ஒன்று செய்வார்கள் என்று தங்கச்சி சொன்னாள். முல்லைத்தீவில் சூடை மலிவாகக் கிடைக்கிறது, அதில் செய்யலாமா? — புதுக்குடியிருப்பு

செய்யலாம். இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

பலேர்மோவின் சொந்தப் பாஸ்தா அதுதான், சாளை மீனும் காட்டுப் பெருஞ்சீரகத் தழையும். மாசி பங்குனியில் மலைச்சரிவெல்லாம் அந்தத் தழை தளிர்க்கும், அதே காலத்தில் சாளையும் கொழுத்து வரும். இரண்டும் கிட்டத்தட்ட இலவசம், பெயர் பெற்ற சாப்பாடெல்லாம் இப்படிக் கையில் காசில்லாதவர் சமைத்ததுதான் அந்த ஊரில். சாளைக்குள் பாண்தூள், திராட்சை எல்லாம் அடைத்துச் சுருட்டிச் சுடுகிற இன்னொரு பதார்த்தமும் உண்டு. பிரபுக்கள் சின்னக் குருவிகளை முழுசாகச் சமைத்துச் சாப்பிட, அது கிடைக்காதவர்கள் மீன் வாலைக் குருவி வால் போல நிமிர்த்தி வைத்துச் சாப்பிட்டார்கள் என்பது கதை.

சரி, செய்முறை. நாலு பேருக்கு 400 கிராம் ஸ்பகெற்றி, அரைக் கிலோ சூடை. சூடையின் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பெருவிரலால் திறந்து, நடு முள்ளை வாலிலிருந்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். சூடைக்குச் சின்ன முள் அதிகம், பொறுமையாகத் தடவிப் பாருங்கள், இந்த வேலையை விரைவாகச் செய்ய வழியில்லை. நமக்குப் பெருஞ்சீரகத் தழை கிடைக்காது. ஒரு மேசைக்கரண்டி பெருஞ்சீரகத்தை ஒன்றிரண்டாகத் தட்டித் துணியில் முடிந்து, பாஸ்தா அவிக்கும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். அங்கேயும் தழை அவித்த தண்ணீரில்தான் பாஸ்தாவை அவிப்பார்கள். தழையின் பச்சை வாசம் இராது, ஆனாலும் கிட்ட வரும். தண்ணீர்க் கணக்கு, 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நம்மவர்கள் உப்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பிறகு பாஸ்தாவுக்கு ருசியில்லை என்பார்கள்.

இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக வெட்டி எண்ணெயில் மெதுவாக வதக்குங்கள், சிவக்கக் கூடாது. அங்கே உப்பிலிட்ட நெத்தலியை அதில் போட்டுக் கரைப்பார்கள். நாம் நாலு நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து மசித்துப் போடலாம். ஒரு பிடி பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, ஒரு பிடி கஜு. அவர்கள் போடுவது பைன் மரத்துக் கொட்டை, விலையைக் கேட்டால் தலை சுற்றும், கஜு போதும். பிறகு சூடை, மிளகு. ஐந்து நிமிஷத்தில் மீன் தானாக உடைந்து குழையும். பாஸ்தாவை ஒரு நிமிஷம் முன்னதாக வடித்து இதில் போட்டுப் பிரட்டுங்கள். மஞ்சள் போடாதீர்கள். அங்கே போடும் குங்குமப்பூவின் நிறத்துக்காக ஆசைப்பட்டு மஞ்சள் போட்டால் மீன் குழம்பு வாசம் வந்துவிடும், பிறகு தேங்காய்ப்பால் எங்கே என்று தேடுவீர்கள்.

மேலே போடுவதுதான் முக்கியம். பழைய பாணைத் தூளாக்கி, தாச்சியில் ஒரு கரண்டி எண்ணெயில் கருகாமல் வறுக்க வேண்டும். முதலில் ஈரமாகத் திரண்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் மணல் போல உதிர்ந்து, நிறம் மாறி, வறுத்த மா வாசம் வரும், உடனே இறக்கிவிடுங்கள், தாச்சிச் சூட்டிலேயே கருகும். சீஸ் வாங்க முடியாத வீடுகளில் சீஸுக்குப் பதில் தூவியது, இன்றைக்குப் பணக்காரரும் அதைத்தான் தூவுகிறார்கள். மீன் பாஸ்தாவுக்கு மேல் சீஸ் கேட்காதீர்கள். பரிமாறுகிறவர் கொண்டுவந்து தருவார்தான், ஆனால் சமையலறைக்குள் வந்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

சிசிலியில் புட்டு மாதிரி ஒன்று அவிக்கிறார்களாம். யாரோ விட்ட கதையா? — வவுனியா

கதையில்லை. தீவின் மேற்கு மூலையில் திராப்பனி என்ற ஊர், உப்பளமும் காற்றாலையுமாக இருக்கும், ஆனையிறவைக் கடந்து போகிறவர்களுக்கு அந்த வெள்ளை வெளி பழக்கமான காட்சிதான். அங்கே குஸ்குஸ். ஆபிரிக்கக் கரை ஏறத்தாழ 150 கிலோமீற்றர்தான், துனிசியாவின் சமையல் கடலைத் தாண்டி வந்து ஊர்ச்சமையலாகிவிட்டது. துனிசியாவில் ஆட்டிறைச்சிக் குழம்பும் ஊற்றுவார்கள், திராப்பனிக்காரர் ஊற்றுவது மீன் சாறு.

அகலமான மண்சட்டியில் றவையைக் கொஞ்சமாகப் போட்டு, ஒரு கையால் உப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களை விரித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நாம் புட்டு மாவைக் குழைத்துச் சுண்டால் கொத்துவோம், அவர்கள் கொத்துவதில்லை, விரல் நுனியில் உருட்டி உருட்டியே மணியாக்குகிறார்கள். பழகின கைக்கு எல்லா மணியும் ஒரே அளவாக வரும், புதுக்கைக்குக் கட்டி கட்டியாகத் திரளும், முதல் தடவை என் கையில் வந்ததைப் பார்த்த கிழவி அதைக் கோழிக்குப் போடச் சொன்னார். பிறகு எண்ணெய் விட்டுப் பிசறி, அடியில் துளை போட்ட மண்பானையில் கொட்டி, கொதிக்கும் பானைக்கு மேல் ஏற்றி, இரண்டு பானையும் பொருந்தும் இடத்தைக் குழைத்த மாவால் சுற்றி அடைப்பார்கள், ஆவி வெளியே போகக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவியும். இறக்கி, மீன் சாறு ஊற்றி, மூடி, கம்பளியால் சுற்றி வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் சாறெல்லாம் மணிக்குள் இறங்கும். அவசரப்பட்டுத் திறந்தால் மேலே சாறு, கீழே உலர்ந்த மா என்று பிரிந்து கிடக்கும். தேங்காய்ப்பூ கிடையாது, அது ஒன்றுதான் எனக்குக் குறை. பக்கத்துச் சன் வீத்தோ லோ காப்போவில் 1998 முதல் இதற்கென்றே ஆண்டுதோறும் விழா நடக்கிறது.

இத்தாலி கத்தோலிக்க நாடு, குஸ்குஸ் அரபுச் சாப்பாடு. கத்தரிக்காய்க்குச் சீனி, மீனுக்குத் திராட்சை. எப்படி வந்தது? — உயர்தர மாணவி, கனகராயன்குளம்

827இல் வட ஆபிரிக்காவிலிருந்து அரபுப் படை சிசிலியில் இறங்கியது, 831இல் பலேர்மோவைப் பிடித்தது. 1072இல் வட பிரான்சிலிருந்து வந்த நோர்மன்கள் பலேர்மோவைக் கைப்பற்றும் வரை அரபியர் ஆட்சி. கரும்பு, எலுமிச்சை, தோடை, கத்தரிக்காய், வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை எல்லாம் அவர்களோடு வந்தவை. புளிப்பும் இனிப்பும் சேர்ந்த சமையலுக்கும் மூலம் அங்கேதான். நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜரின் அவையில் இருந்த அரபுப் புவியியலாளர் அல் இத்ரிசி, பலேர்மோவுக்குக் கிட்டவுள்ள திராபியாவில் மாவிழை செய்து கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தா கொண்டுவந்தார் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள், அந்த மனிதர் பிறந்ததே 1254இல். தக்காளி அதற்கும் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தது, நம்முடைய மிளகாயைப் போலவே.

அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள்? — பரந்தன்

காலையில் ஒரு கோப்பியும் ஒரு பணிஸும், அவ்வளவுதான். வெயில் காலத்தில் கிரானித்தா, அதாவது எலுமிச்சை, பாதாம், கோப்பி ஏதாவது ஒன்றில் செய்த பனிக்கூழ், அதில் பணிஸைப் பிய்த்துத் தோய்த்துக் காலைச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள். கேட்கப் பைத்தியம் போலத் தெரியும், ஓகஸ்ட் மாத வெயிலில் ஒருமுறை சாப்பிட்டால் தெரியாது. மத்தியானம் ஒன்றரை, இரவு எட்டரை ஒன்பது. மூன்று மணிக்குப் பிறகு உணவகங்களைப் பூட்டிவிடுவார்கள், இரவு ஏழரை வரை தெருச் சாப்பாடுதான் துணை. பால் கோப்பி காலையில் மட்டும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கப்புச்சினோ கேட்டால் தருவார்கள், ஆனால் வயிற்று வருத்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

பலேர்மோத் தமிழர் ஒரு மலைக் கோயிலுக்குப் போகிறார்களாமே? அங்கே என்ன படையல்? — முல்லைத்தீவு

புனித ரொசாலியா. மொந்தே பெல்லெக்ரினோ மலைக் குகைக் கோயில். 1624இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் அந்த மலையில் கிடைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோக நோய் நின்றது என்பது நம்பிக்கை. சைவ, கத்தோலிக்க வேறுபாடில்லாமல் நம்மவர்கள் ஏறுகிறார்கள், நேர்த்தி வைக்கிறார்கள். மடுமாதாவிடம் போகிற வன்னிச் சைவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. படையல் என்று எதுவும் இல்லை, ஆனால் அவருடைய திருவிழாவான யூலை 14 இரவு ஊரே தெருவில் நின்று சாப்பிடும். அவித்த சோளப்பொத்தி, வத்தகப்பழம், ஸ்பின்சோனே. ஏ9 வீதியோரம் விற்பதில் பாதி அங்கேயும் விற்கும். வத்தகப்பழச் சாற்றை மாப்பொருள் போட்டுக் காய்ச்சி, மல்லிகை வாசத்தோடு குளிரவைத்த களி ஒன்று செய்வார்கள், அதை மட்டும் தவறவிடாதீர்கள். உள்ளியும் பார்சிலியும் போட்டு வதக்கிய சின்ன நத்தையும் உண்டு. ஓட்டில் வாய் வைத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும், அந்த ஊரில் உறிஞ்ச அனுமதியுள்ள ஒரே சாப்பாடு அதுதான் என்று நினைக்கிறேன். நான் சாப்பிடுவதில்லை.

டிசெம்பர் 13, புனித லூசியா நாளும் தெரிந்திருக்க வேண்டும். 1646 பஞ்சத்தில் அன்றைக்குத்தான் தானியக் கப்பல் வந்தது, சனம் அரைக்கப் பொறுக்காமல் கோதுமையை அப்படியே அவித்துச் சாப்பிட்டது என்பார்கள். அதனால் பலேர்மோவில் அன்று பாணும் பாஸ்தாவும் தொட மாட்டார்கள். முழுக் கோதுமையை ஊறவைத்து அவித்து, றிக்கொத்தா என்ற மென்மையான வெள்ளைச் சீஸும் சீனியும் போட்ட குச்சீயாவும், நாள் முழுக்க அரஞ்சினாவும்தான். விரதம் என்று பெயர், பத்து அரஞ்சினா சாப்பிட்டுவிட்டுக் கிடப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அன்றைக்குச் சமையலறையில் வேலை செய்வது தண்டனை.

மருமகளின் தாய் தகப்பன் தை மாதம் இங்கே வருகிறார்கள். எத்தனை கறி வைக்க? உறைப்பைக் குறைத்தால் போதுமா? — மாங்குளம்

உறைப்பைக் குறையுங்கள், ஆனால் கறியின் தொகையையும் குறையுங்கள். பன்னிரண்டு கறியை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பினால் அவர்களுக்கு எதில் தொடங்குவது என்று தெரியாது, ஒவ்வொன்றாக முடித்துவிட்டுச் சோற்றைத் தனியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் வடையோ இறால் பொரியலோ வையுங்கள். அது முடிந்து கொஞ்சம் கதைத்த பிறகு சோறு, மீன் குழம்பு, ஒரு பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். நண்டு கிடைத்தால் நண்டு, முருங்கை இலை போட்டு. நண்டு உடைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, மேசைக் கூச்சமெல்லாம் அதோடு போய்விடும். கடைசியில் எருமைத் தயிரும் தேனும். றிக்கொத்தா தின்று வளர்ந்தவர்கள், சட்டியை வழிப்பார்கள். சாப்பாடு முடிந்த கையோடு பால் தேத்தண்ணி கொடுக்காதீர்கள், பிளேன்ரீயோ வெறுங்கோப்பியோ சின்னக் குவளையில் கொடுங்கள். ஒரு முள்ளுக்கரண்டியை ஓரமாக வையுங்கள், ஆனால் கையால் முயற்சி செய்தால் எடுத்து நீட்டாதீர்கள்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு வைத்தால் அவர்களுக்குப் பசியே இருக்காது. எட்டரைக்கு வையுங்கள், அதற்கிடையில் கரண்ட் போகாவிட்டால்.